கேயாஸ் முறையில் படத்தைப் பூட்டும் ப்ராஜெக்ட்: இறங்குவதற்கு முன் படித்துவிடுங்கள்

சாவி தெரியாதவருக்குப் படம் தெரியாதபடி பிக்சல்களை மாற்றிப் பூட்டும் (என்க்ரிப்ஷன்) கடைசி வருட ப்ராஜெக்ட்டின் இரண்டாவது ரிவியூ. முந்தின இரவு என் லேப்டாப்பில் ஜோராகத் திறந்த தஞ்சைப் பெரிய கோயில் படம், மறுநாள் காலை துறை லேப் கம்ப்யூட்டரில் திறக்கவே இல்லை. அதே படம், அதே சாவி. திரையில் மட்டும் பழைய டிவியில் ஆன்டெனா நகர்ந்தால் வருமே, அந்தப் புள்ளி மழை. ரிவியூ எடுத்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பூட்டத் தெரிஞ்சிருக்கு, திறக்கத்தான் தெரியல" என்று எழுந்து போனார்.

காரணம் ஒரே ஒரு வரி. அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் ஆனது. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று டெல்டா பக்கம் எந்தக் கல்லூரியிலாவது கடைசி வருடத்துக்கு இந்தத் தலைப்பை எடுத்திருந்தால், அந்த நாலு நாளும் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் போதும். கணக்கில் பிளஸ் டூவைத் தாண்டி எதுவும் வேண்டாம்.

1. ப்ரோக்ராம் கோடுக்கு முன் தாள்கள்

ஆர்வத்தில் நேராகக் கோடு எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். தலைப்பு ஒப்புதல் படிவம், ஒரு பக்கச் சுருக்கம், கைடு கையெழுத்து, இவை மூன்றும் முதலில் கையில் இருக்க வேண்டும். பின்னால் போனஃபைட் சான்றிதழ், உறுதிமொழித் தாள், பிளேஜியரிசம் ரிப்போர்ட் மூன்றும் சேரும். கல்லூரிக்குக் கல்லூரி படிவம் மாறும் என்பதால், போன வருடம் முடித்த சீனியரிடம் பைண்ட் செய்த ரிப்போர்ட்டை ஒரு நாள் இரவல் வாங்கி, முதல் பத்துப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பில் "உடைக்கவே முடியாத" என்ற மாதிரி வார்த்தை வேண்டாம். இந்த வகைப் பூட்டுகளில் பலவற்றை அடுத்தடுத்த கட்டுரைகளிலேயே மற்றவர்கள் உடைத்துக் காட்டியிருக்கிறார்கள். வைவாவில் முதல் கேள்வியை நீங்களே எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும்.

2. எந்தப் படத்தை எடுப்பது

பழைய கட்டுரைகள் எல்லாவற்றிலும் தொப்பி வைத்த ஒரு பெண்ணின் படம் இருக்கும். லேனா என்பார்கள். ஒரு பத்திரிகையின் கவர்ச்சிப் படத்திலிருந்து வெட்டியது அது. 2024 ஏப்ரல் 1 முதல் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் கம்ப்யூட்டர் சொசைட்டி தன் வெளியீடுகளுக்கு வரும் கட்டுரைகளில் அதை ஏற்பதில்லை. பாபூன், பெப்பர்ஸ் என்ற பொதுச் சோதனைப் படங்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டும், நீங்களே எடுத்த படம் ஒன்றும் போதும்.

நான் எடுத்தது பெரிய கோயில் விமானம். பாதிப் படம் வெறும் வானம். தெரியாமல் எடுத்ததுதான், ஆனால் நல்ல சோதனை. ஒரே நிறம் பரந்து கிடக்கும் இடத்தில்தான் மோசமான பூட்டு காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது படமாக எங்கள் நிலப் பத்திரத்தின் ஸ்கேனை எடுத்தேன். அது தப்பு. ரிப்போர்ட்டில் மூலப் படத்தையும் பூட்டிய படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிட வேண்டும் இல்லையா? பூட்டிக் காக்கப்போகிறேன் என்று கிளம்பி, சர்வே எண், கையெழுத்து, பெருவிரல் ரேகை எல்லாம் தெரிகிற மாதிரிக் கலரில் நாலு காப்பி போட்டேன். ஒன்று துறை நூலகத்துக்குப் போவதற்கு முந்தின நாள் அப்பா பார்த்தார். பக்கத்தைக் கிழித்து, மறுபடி அச்சிட்டு, மறுபடி பைண்டிங். ஆதார் அட்டை, பத்திரம், நோயாளியின் எக்ஸ்ரே எதையும் மாதிரிப் படமாக வைக்காதீர்கள். ஏட்டுச் சுவடிப் படம் வைக்க ஆசை என்றால், அதை வைத்திருக்கிற நூலகத்தில் எழுத்து மூலமாக அனுமதி வாங்குங்கள். அந்தக் கடிதமும் ரிப்போர்ட்டில் சேர வேண்டும்.

அளவு 512-க்கு 512. போன் கேமராவின் 12 மெகாபிக்சல் படத்தை அப்படியே கொடுத்தால் மூன்று நிறத்துக்கும் சேர்த்து மூன்றரைக் கோடிக்கு மேல் எண்கள். என் 4 ஜிபி லேப்டாப் அதிலேயே உறைந்துபோனது. 512-க்குச் சுருக்கினால் 7,86,432 எண்கள்தான்.

3. மென்பொருளுக்குக் காசு கொடுக்காதீர்கள்

பைத்தான், அதில் எண் கணக்குக்கான நம்பை, படங்களைக் கையாளும் பில்லோ, ஓபன்சிவி எல்லாம் இலவசம். மேட்லேப் என்ற கட்டணக் கணக்கு மென்பொருள்தான் வேண்டும் என்று கைடு சொன்னால் துறை லேப்பில் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அதைப் போன்ற ஆக்டேவ் இலவசம். பிரவுசரிலேயே பைத்தான் ஓட்டும் கூகுள் கோலாபிலும் செய்யலாம். ஆனால் இணைப்பு அறுந்து நேரம் ஓடிவிட்டால் அங்கே சேமித்த கோப்புகள் போய்விடும், டிரைவில் சேமிக்கவும். ரெடிமேட் ப்ராஜெக்ட் விற்கும் கடைக்காரர் ஒருவர் என்னிடம் 8,000 ரூபாய் கேட்டார். அதில் என்ன இருக்கும் என்று நாலாவது படியைப் படித்தால் நீங்களே ஊகிக்கலாம்.

ஓபன்சிவியில் இரண்டு பள்ளங்கள். விண்டோஸில் ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்தால் அது படத்தைப் படிக்காது, பிழை காட்டி நிற்கவும் செய்யாது, வெறும் 'நன்' (None, ஒன்றுமில்லை) என்று திருப்பித் தரும். "பெரியகோயில்" என்ற ஃபோல்டரோடு ஒரு முழு ராத்திரி மல்லுக்கட்டினேன். இன்னொன்று, அது நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் படிக்கும். மற்ற நூலகங்கள் சிவப்பிலிருந்து தொடங்கும். கலந்து பயன்படுத்தினால் வானம் ஆரஞ்சாகும். பில்லோவோடு மட்டும் நின்றுகொண்டால் இரண்டு தொல்லையும் இல்லை.

4. சாவி ஓடை

ப்ராஜெக்ட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள்.

லாஜிஸ்டிக் மேப் என்பது ஒரு சின்னச் சூத்திரம். புது எக்ஸ் = ஆர் × எக்ஸ் × (1 − எக்ஸ்). எக்ஸ் என்பது 0-க்கும் 1-க்கும் நடுவில் ஒரு எண். வந்த விடையை மறுபடி உள்ளே போட்டுக்கொண்டே இருந்தால் ஆர் ஏறக்குறைய 3.57-ஐத் தாண்டியதும் எண்கள் தறிகெட்டு ஓடும், இதுதான் கேயாஸ். கல்லணைக்கு மேலே அக்கம்பக்கமாய்ப் போட்ட இரண்டு வைக்கோல் துரும்பில் ஒன்று காவிரியோடு பூம்புகாருக்கும் மற்றது கொள்ளிடத்தோடும் போகிற கதைதான். தொடக்கத்தில் மயிரிழை வித்தியாசம், முடிவில் சம்பந்தமே இல்லை. அந்தத் தொடக்க எக்ஸும் ஆரும்தான் உங்கள் சாவி. அதிலிருந்து வரிசையாக வரும் எண்கள்தான் சாவி ஓடை, அவற்றைக் கொண்டுதான் பிக்சல்களைப் பூட்டுகிறோம்.

இதில் நான் விழுந்த குழிகள்:

ஆர் 3.57-க்கு மேல் எதை வைத்தாலும் சரி என்று நினைத்து முதலில் 3.83 வைத்தேன். அந்த இடத்தில் மேப் திடீரென்று ஒழுங்காகி, மூன்றே எண்களைத் திருப்பித் திருப்பித் தரும். படத்திலும் ஒரு பிக்சலுக்கு மூன்று நிறம். ஆக ஒவ்வொரு நிறமும் ஒரே எண்ணால் பூட்டப்பட்டது. திரையில் விமானம் கல் பிசகாமல் நின்றது, நிறம் மட்டும் திருவிழா சீரியல் லைட் மாதிரி. இப்படி நடுநடுவே ஒழுங்கான சந்துகள் உண்டு. 3.99-க்கு மேல் எடுங்கள், எடுத்த பிறகும் முதல் 200 எண்களை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள்.

ஆர் 4 என்று வைத்து எக்ஸ் 0.5 என்று தொடங்கினால் அடுத்தது 1, அதற்கடுத்தது 0, பிறகு எப்போதும் 0. 0.75 வைத்தால் அங்கேயே உட்கார்ந்துவிடும். 0.25 வைத்தால் அடுத்த அடியில் 0.75. கைக்கு வருகிற உருண்டை எண்கள் எல்லாம் ஆபத்து. கடையில் விற்கும் கோடுகளில் சாவியை இப்படி உருண்டையாகக் கோடுக்குள்ளேயே எழுதி வைத்து எல்லோருக்கும் ஒரே சாவியாக விற்றால், அதற்குப் பெயர் பூட்டா?

எக்ஸை 256-ஆல் பெருக்கி முழு எண்ணாக்குவது எல்லோரும் முதலில் செய்வது. இந்த எண்கள் சமமாகப் பரவாது, 0 பக்கமும் 1 பக்கமும் குவியும். ஆர் 4-இல் கணக்குப் போட்டால் நூற்றுக்கு நாலு எண் பூஜ்யமாக வருகிறது. பிக்சலைப் பூட்டுவது எக்ஸாரில், அதாவது இரண்டு எண்களின் பிட்டுகளை ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் 0, வேறானால் 1 என்று எழுதுவதில். பூஜ்யத்தோடு எக்ஸார் செய்தால் பிக்சல் மாறாது. எக்ஸை 10-இன் 14-ஆம் அடுக்கால் பெருக்கி, முழு எண்ணாக்கி, 256-ஆல் வகுத்த மீதியை எடுங்கள். முதல் 1,000 எண்களைத் தூக்கி எறிந்துவிட்டு அதற்குப் பிறகு வருவதைப் பயன்படுத்துங்கள்.

இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஃபுளோட் 32, அதாவது தசம எண்ணை 32 பிட்டில் அடக்கும் வகை, வைக்காதீர்கள். துல்லியம் குறைவதால் ஓடை சீக்கிரமே பழைய எண்ணுக்கே திரும்பி வட்டமடிக்கும். 64 வேண்டும்.

ஒரு மேப்பின் எக்ஸும் ஆரும் சேர்ந்தாலும் சாவிகளின் எண்ணிக்கை 2-இன் 100-ஆம் அடுக்கை எட்டாது. அந்த அளவுதான் பொதுவாகக் கேட்கும் குறைந்தபட்சம். இரண்டு மேப்புகளை, தனித்தனி எக்ஸ், தனித்தனி ஆரோடு ஓட்டினால் தாண்டிவிடும். ஒன்று கலைக்க (பிக்சலின் இடத்தை மாற்ற), ஒன்று கலக்க (பிக்சலின் மதிப்பை மாற்ற).

இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன். ரிவியூவுக்கு முந்தின இரவு, படத்தைப் பூட்டித் திறந்து பார்த்துவிட்டு, லேப்புக்கு எடுத்துப் போகிற கோடைக் கொஞ்சம் "சுத்தம்" செய்தேன். ஆர் × எக்ஸ் × (1 − எக்ஸ்) என்பதை ஆர் × (எக்ஸ் − எக்ஸ் × எக்ஸ்) என்று மாற்றினேன். நோட்டில் இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டரில் பதினாறாவது இலக்கத்தில் வேறுபடும். அந்தத் தூசு ஒவ்வொரு அடியிலும் ஏறத்தாழ இரட்டித்து, 50, 60 அடிக்குள் இரண்டு ஓடையும் வேறு வேறு ஊருக்குப் போய்விடும். நானோ 1,000 அடி தாண்டித்தான் எடுக்கவே தொடங்குகிறேன். பூட்டிய கோடின் ஒரு எழுத்தைக் கூட மாற்றாமல் திறக்கும் கோடிலும் அதே ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள், இரண்டு இடத்தில் எழுதாதீர்கள். மேட்லேப்பில் பூட்டிப் பைத்தானில் திறப்பது போன்ற வித்தைகளும் வேண்டாம்.

சாவியைக் குறித்து வைக்கும்போது திரையில் தெரிவதை நம்பாதீர்கள். ஆறு இலக்கத்தோடு சுருக்கிக் காட்டினால் நீங்கள் எழுதிக்கொள்வது வேறு சாவி. 15 இலக்க எண்ணை நீங்களே தேர்ந்தெடுத்து, தாளில் எழுதி, தாளைப் பார்த்துத் தட்டச்சு செய்யுங்கள்.

5. கலைப்பது, கலப்பது

கலைப்பது சுலபம். எத்தனை பிக்சலோ அத்தனை கேயாஸ் எண்களை எடுத்து வரிசைப்படுத்துங்கள். எந்த எண் எந்த இடத்துக்குப் போனதோ, அந்த இடத்துக்குப் பிக்சலை நகர்த்துங்கள். நம்பையில் ஆர்க்சார்ட் (argsort) என்ற ஃபங்ஷன் ஒரே வரியில் செய்துவிடும். அர்னால்டின் பூனை மேப் என்ற வழியும் பிரபலம். ஆனால் அது சதுரப் படத்துக்குத்தான் ஆகும், மூலைப் பிக்சல் நகரவே நகராது, 256-க்கு 256 படத்தில் 192 தடவை சுற்றினால் மூலப் படம் தானாகவே திரும்பி வந்து நிற்கும். 512-இல் 384 தடவை. செயல்விளக்கத்துக்கு அழகு, பூட்டுக்கு உதவாது.

கலைத்தால் மட்டும் போதாது. வானத்தின் நீலம் எத்தனை பிக்சலோ அத்தனையும் வேறு இடத்தில் அப்படியே இருக்கும், எந்த நிற அளவு எத்தனை பிக்சலில் என்று காட்டும் ஹிஸ்டோகிராம் ஒரு புள்ளி மாறாது.

அதனால்தான் கலப்பது. இதில் ஒரு பாடம் எனக்குக் கண்ணெதிரே கிடைத்தது. ஆரம்பத்தில், கலைக்கும் படியை இன்னும் எழுதாதபோது, கோயிலையும் பத்திரத்தையும் ஒரே சாவி ஓடையோடு எக்ஸார் செய்து பூட்டினேன். இரண்டும் புள்ளி மழை, பரம திருப்தி. விளையாட்டாகப் பூட்டிய இரண்டையும் ஒன்றோடொன்று எக்ஸார் செய்தேன். சாவி இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய், விமானத்தின் மேல் ஸ்டாம்ப் பேப்பர் எழுத்து படிந்தாற்போல இரண்டு படமும் சேர்ந்து எழும்பி வந்தன. சாவியே தெரியாமல்! ஒரு சாவி ஓடை ஒரு படத்துக்குத்தான்.

கலக்கும்போது ஒவ்வொரு பிக்சலும் முந்தின பூட்டிய பிக்சலைச் சார்ந்திருக்க வேண்டும். வெறும் எக்ஸாரில் சங்கிலி போட்டால் ஓரிடத்து மாற்றம் அதே உருவில் கடைசி வரை நகர்ந்து போகும், வளராது. பிக்சலோடு முந்தின பூட்டிய பிக்சலைக் கூட்டி, 256-ஆல் வகுத்த மீதியை எடுத்து, அப்புறம் சாவி எண்ணோடு எக்ஸார் செய்யுங்கள். முன்னிருந்து பின்னுக்கு ஒரு தடவை, பின்னிருந்து முன்னுக்கு ஒரு தடவை. ஒரு திசையில் மட்டும் போனால் கடைசிப் பிக்சலின் மாற்றம் யாருக்கும் தெரியாது. கலைத்தல், கலத்தல் முழுவதையும் இரண்டு சுற்று ஓட்டினால் நல்லது.

படத்தின் ஷா-256 ஹாஷிலிருந்து, அதாவது படத்தைக் கணக்கிட்டு எடுக்கும் கைரேகை போன்ற எண்ணிலிருந்து, சாவி எடுப்பதாகப் பல கட்டுரைகள் சொல்லும். சோதனை எண்கள் பிரமாதமாக வரும். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு புதுச் சாவி, அதைப் பெறுபவரிடம் எப்படிச் சேர்ப்பீர்கள் என்ற கேள்வி வைவாவில் நிச்சயம். பதில் இருந்தால் செய்யுங்கள்.

6. சேமிப்பது

பிக்சலை அப்படியே வைக்கும் பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள். ஜேபெக்கில் சேமித்தால் அது பிக்சலைத் தோராயமாக்கும், ஒரு பிக்சல் பிசகினாலும் திறக்கும்போது சேதம் பரவும். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினாலும் அதே கதி, டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

7. சோதனை எண்கள்

என்ட்ரோப்பி, அதாவது பிக்சல் எண்கள் எவ்வளவு தாறுமாறாகப் பரவியிருக்கின்றன என்ற அளவு, 8-ஐ ஒட்டி வர வேண்டும். 512 கறுப்பு-வெள்ளைப் படத்தில் 7.999, 256-இல் 7.997 வந்தால் போதும், அதற்கு மேல் இழுக்க முயலாதீர்கள். பக்கத்துப் பிக்சல்களின் ஒட்டுறவு மூலப் படத்தில் 0.9-க்கு மேலும், பூட்டியதில் 0-ஐ ஒட்டியும் இருக்கும்.

என்பிசிஆரும் யுஏசிஐயும் மூலப் படத்தில் ஒரே ஒரு பிக்சலை மாற்றி, இரண்டையும் பூட்டி, ஒப்பிடுவது. எத்தனை சதவீதப் பிக்சல் மாறியது என்பது என்பிசிஆர், சராசரியாக எவ்வளவு மாறியது என்பது யுஏசிஐ. இலக்கு 99.61, 33.46 சதவீதம். சங்கிலி இல்லாத பூட்டில் 512 படத்துக்கு என்பிசிஆர் 0.0004 கூட வராது. எனக்கு யுஏசிஐ 50 வந்தது. கேயாஸ் மேல் பழி போட்டு இரண்டு நாள் மேப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், 8 பிட் எண்களை அப்படியே கழித்திருக்கிறேன். 5-இலிருந்து 10 போனால் −5 வராமல் 251 என்று சுற்றிக்கொள்ளும். கழிக்கும் முன் மைனஸ் எண்ணையும் தாங்கும் இன்ட் 16 வகையாக்குங்கள். உங்களுக்கும் 50 வந்தால் இதைத் தவிர வேறெங்கும் தேட வேண்டாம்.

இந்த எண்கள் எல்லாம் நன்றாக வந்தாலும் பூட்டு பாதுகாப்பானது என்று நிரூபணம் ஆகாது. ரிப்போர்ட்டிலேயே அதை ஒரு வரியில் ஒப்புக்கொள்ளுங்கள். எனக்கு வைவாவில் மதிப்பெண் வாங்கித் தந்தது அந்த வரிதான் என்று இன்னும் நினைக்கிறேன்.

8. செலவும் நாளும்

என் ரிப்போர்ட் 64 பக்கம். 14 கலர், பக்கத்துக்கு 10 ரூபாய், மீதி 50 பக்கம் 2 ரூபாய். ஒரு காப்பி 240, நாலு காப்பி 960. பைண்டிங் ஒன்றுக்கு 200 வீதம் 800. ஆக 1,760 ரூபாய், பத்திரக் கூத்தால் அதில் பாதி மறுபடியும். உங்கள் ஊர் விலை மாறலாம். கலர்ப் பக்கங்களை ஒரே அத்தியாயத்தில் சேர்த்துவிட்டால் மிச்சம். புள்ளி மழைப் படம் மை குடிக்கும் என்பதால் சில கடைகள் கூடுதல் கேட்கும், சின்னதாகப் போடுங்கள், யாரும் உற்றுப் பார்க்கப்போவதில்லை.

பொங்கல் லீவு முடிந்து தொடங்கினால் கோடுக்கு மூன்று வாரம், சோதனைக்கு ஒரு வாரம், எழுத மூன்று வாரம். வீட்டில் அறுவடை என்றால் இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். கைடு கையெழுத்துக்கு ஒரு வாரம் தனியாக வையுங்கள். சமர்ப்பிக்கும் வாரத்தில் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் கால் வைக்க முடியாது. பஸ் ஏறி வேறு தெருவுக்குப் போனால் ஒரு மணி நேரத்தில் முடியும்.

9. நிஜப் பத்திரத்துக்கு

ப்ராஜெக்ட் முடிந்ததும் அப்பா கேட்டார், "அப்ப நம்ம பத்திரத்த இதுலயே பூட்டி வச்சிடலாமா?" வேண்டாம் என்றேன். நானே எழுதிய பூட்டை நான் நம்பவில்லை. வீட்டுத் தாள்களுக்குக் கோப்புகளைச் சுருக்கிப் பூட்டும் 7-ஸிப் மென்பொருள் போதும், இலவசம், ஏஇஎஸ்-256 என்ற தரப்படுத்தப்பட்ட பூட்டு. கோப்புப் பெயரையும் மறைக்கும் பெட்டியை டிக் செய்யுங்கள். நீளமான பாஸ்வேர்டாக வையுங்கள். அப்பா அதை நெல் கொள்முதல் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார், எனக்குச் சம்மதம்தான். பத்திரம் தொலைந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடலாம். பாஸ்வேர்டு தொலைந்தால் மனுப் போட இடமில்லை.

பூட்டிய கோப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஒரு தடவை திறந்து பார்த்த பிறகு மூல ஸ்கேனை அழியுங்கள். போன் கேலரியில் ஒன்று, ஸ்கேன் கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஒன்று, வாட்ஸாப்பில் அனுப்பியது ஒன்று. கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆகியிருந்தால், அழித்த பிறகும் அதன் குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும். அதையும் காலி செய்யுங்கள்.